கட்டியாகாத அன்னாசி ஜெலி

பரீட்சைக்குப் படித்தது விடைத்தாளோடு போய்விடும் என்று நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள். நான் படித்த ஒரு பாடம், என்னைப் பெண் பார்க்க வந்த மாமியின் மடியில் போய்க் கொட்டியது.

அப்போது நான் பேராதனையில் உயிர்இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கட்டுகஸ்தோட்டையில். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் எனக்கு ஒரே கவலைதான்: நிக்காஹ்வுக்குப் பிறகு இறுதி ஆண்டை முடிக்க விடுவார்களா? மாப்பிள்ளையைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. (இதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.)

விருந்தாளிகள் வந்தால் உம்மா கடப்பாசியைக் (கடற்பாசியை) காய்ச்சி, அன்னாசித் துண்டு போட்டு உறைய வைப்பார். அது பழைய பாணி என்று நான் முகம் சுளித்தேன். டவுனுக்குப் போய் ஹலால் ஜெலட்டின் வாங்கிவந்து, அன்னாசியை அரிந்து போட்டு, ஓர் அச்சுப் பாத்திரத்தில் ஊற்றி, தட்டால் மூடி ஃபிரிஜ்ஜில் வைத்தேன். வந்தவர்கள் முன்னால்தான் கவிழ்க்க வேண்டும் என்று ராத்தாவுக்கு (என் அக்காவுக்கு) கட்டளை வேறு.

மாமா, அதாவது மாப்பிள்ளையின் வாப்பா, வற்றிப்போயிருந்தார். கணையம் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். மாமி உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார்.

"கலியாண வீட்டுச் சஹன்ல மூணு பேர்ட பங்கத் தனியாத் திண்டார். அதான் வந்தது."

(சஹன் என்றால் பலர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு.) மாமா தலையைக் குனிந்துகொண்டார். பேச்சை மாற்றத்தான் என்னிடம் கேட்டார்: "மகள் என்ன படிக்கிறீங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். "புரதத்த வெட்டுற நொதியங்களப் பத்தி மாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவை உடம்புக்குள் இருக்கும் கத்தரிக்கோல்கள், இறைச்சியைச் செரிக்க வைப்பதும் காயத்தில் இரத்தத்தைக் கட்ட வைப்பதும் அவைதான், இடம் தவறி வெட்டினால் நோய் என்று மூச்சுவிடாமல் பொழிந்தேன். உம்மா கண்ணால் அடக்கினார். நான் அடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ராத்தா பாத்திரத்தைக் கொண்டுவந்து, சொன்னபடியே கவிழ்த்தாள். மஞ்சள் தண்ணீர் தட்டைத் தாண்டி மாமியின் புதுச் சாரியில் ஓடியது.

"ஃபிரிஜ் வேல செய்யல்லயா?" என்றார் மாமி.

"ஃபிரிஜ் நல்லாத்தான் ஈக்கி" என்றேன், அழாத குறையாக. "ஜெலட்டின் புரதம். அவிக்காத அன்னாசில புரதத்த வெட்டுற நொதியம் ஈக்கி. கடப்பாசி புரதமில்ல, அதான் உம்மா செஞ்சா உறையும்." எல்லாம் தெரிந்திருந்தது. சமைக்கும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

என் படிப்பு அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். மாமா மட்டும் தட்டில் கிடந்த ஓர் அன்னாசித் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"எனக்குள்ளயும் இதான் நடந்ததா மகள்?"

"ஓ மாமா. கணையம் அந்த நொதியங்களத் தூங்க வெச்சுத்தான் குடலுக்கு அனுப்பும். வழி அடைபட்டா அங்கயே முழிச்சி, கணையத்தயே வெட்டத் தொடங்கிரும்."

"பித்தக் கல் ஒண்டு அடைச்சீந்திச்சி எண்டு டொக்டர் சொன்னார்."

"அப்ப அந்தக் கல்லுதான் மாமா. சஹன் இல்ல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நோயைவிட அந்தப் பழிதான் அவரை வாட்டியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது.

"கேட்டீங்களா?" என்றார் மாமியிடம். "இந்தப் பிள்ள படிச்சி முடிக்கட்டும். எனக்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேணும்."

படித்து முடித்தேன். இன்று அதே பாடத்தைக் கற்பிக்கிறேன். வீட்டில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், "முதல்ல ஃபிரிஜ்ஜப் பாத்துட்டு வாங்க" என்பார் என் கணவர். மாமா இருந்தவரை பெருநாள்தோறும் அந்த உறையாத ஜெலியைத்தான் கேட்டு வாங்கி, மாமியைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்.

அவர் மவுத்தான பிறகு வந்த பெருநாளில், மாமி தானே அன்னாசி அரிந்து ஜெலி கலக்கினார். ஒரு கிளாஸில் ஊற்றி, நின்றபடியே குடித்து முடித்தார்.

"நல்லாவே இல்ல" என்றார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கல்லுதான் மகள். சஹன் இல்ல" என்றார்.