ஓனர் தவறிட்டாரு

நான் ஒருமுறை செத்துப்போயிருக்கிறேன். யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை, நானே போனில் என் வாயால் அறிவித்தது. சாகும்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கையில் ஒரு வெள்ளைக் கார், கல்யாணம் ஆகவில்லை.

எல்லாம் அந்தக் காரால் வந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் விசைத்தறிக் கூடம், எட்டுத் தறி. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. அந்தக் குடும்பத்தில் முதல் கார் வாங்கியவன் நான். கோவில் வாசலில் மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தெரு முழுக்க லட்டு கொடுத்தோம். அதுவரை "தறிக்காரர் மகன்" என்று இருந்தவன், அன்றிலிருந்து "கார் வச்சிருக்க பையன்" ஆனேன். ஜாதகம் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். (வந்த வரன் எல்லாம் காருக்கு வந்தவை என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.)

அப்படி வந்த ஒரு நல்ல வரன் வாசுதேவநல்லூரில் இருந்தது. பெண் ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிறாள், பெயர் கோமதி என்றார்கள். போட்டோவைப் பார்த்த நிமிடமே நான் விழுந்துவிட்டேன். அடுத்த மாதம் பெண் பார்க்கப் போவதாக முடிவானது.

அந்த வாரமே திருநெல்வேலி சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது.

"வணக்கம் சார், கோமதி பேசுறேன். உங்க முப்பத்தாறு முப்பத்தாறு நம்பர் வண்டி ரீகால்ல இருக்கு சார். எஞ்சின் ஆயில் சீல்ல கம்பெனி மிஸ்டேக். அந்த மாடல் எல்லாத்தையும் கூப்பிட்டு ஃப்ரீயா மாத்திக் குடுக்கோம். நீங்க ஓட்டிட்டு வர வேண்டாம், நாங்களே லாரி அனுப்பி ஏத்திக்கிடுவோம்."

(இந்தக் கோமதிதான் அந்தக் கோமதியா என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கம் கோவில் சாமி பெயரைத்தான் வைப்பார்கள்: பாதிப் பேர் சங்கரநாராயணன், மீதிப் பேர் கோமதி. இதற்கெல்லாம் சந்தேகப்பட்டால் பிழைக்க முடியாது.)

அவள் சொன்னதில் 'ஃப்ரீ' என் காதில் விழவில்லை. 'லாரி' மட்டும் விழுந்தது. எங்கள் ஊரில் ஒருத்தன் கார் லாரியில் ஏறிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தவணை கட்டவில்லை, தூக்கிவிட்டார்கள். செய்தி வாசுதேவநல்லூர் போய்ச் சேர அரை மணி நேரம் கூட ஆகாது. பெண் பார்த்து முடிக்கும்வரை வண்டி லாரியில் ஏறவே கூடாது என்று முடிவு செய்தேன்.

"வெளியூர்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது ராங் நம்பர் என்றேன். மூன்றாவது தடவை கிணற்றுக்குள் இருப்பதாகச் சொன்னேன். (ஏன் கிணறு என்று கேட்காதீர்கள், வாயில் வந்தது.) அவள் விடவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை அதே பொறுமையோடு, "சார், முப்பத்தாறு முப்பத்தாறு" என்று ஆரம்பித்துவிடுவாள்.

இதற்கிடையில் கார் நிற்கும் இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், ஆயில். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏலே, இதுக்கா முழிக்க? தறியில எண்ணெ சொட்டலன்னாத்தாம்லே பயப்படணும். சொட்டுதுன்னா மிஷின் நல்லா எண்ணெ குடிச்சிருக்குன்னு அர்த்தம்."

முப்பது வருடம் தறி ஓட்டியவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? தரை அழுக்காகாமல் இருக்க, கூடத்திலிருந்து ஒரு கை கழிவு நூலை எடுத்து வந்து, காருக்கு அடியில் படுத்து, சொட்டுகிற இடத்தில் இறுக்கிக் கட்டினார். தறிக்கு அவர் செய்யும் வைத்தியம் அதுதான். சொட்டு நின்றது. எங்களுக்கு ஒரே குஷி!

பெண் பார்க்க நாலு நாள் இருக்கும்போது மறுபடியும் போன் வந்தது. அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "யாரும்மா?" என்றேன்.

"சங்கரநாராயணன் சார் இருக்காங்களா?"

"அவன் தவறிட்டாம்மா. நான் சித்தப்பா பேசுதேன்."

"ஐயோ... எப்படிங்க?"

"ஹார்ட்டும்மா."

"சின்ன வயசுங்களே" என்றாள், குரல் உடைந்து. பிறகு, "ஐயா, இந்த நேரத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. அந்த வண்டிய வேற யாரும் எடுத்துராதீங்க. ஆயில் சூடான பைப்புல பட்டா தீப்பிடிச்சிரும்" என்றாள்.

சரிம்மா என்று வைத்துவிட்டு, தொல்லை ஒழிந்தது என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். என்ன திமிர் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். பட்டுச் சட்டை, தட்டு நிறையப் பூ, பழம். பாதி வழியில் தீய்ந்த வாசம் வந்தது. "புது வண்டின்னா அப்படித்தாம்லே வாசம் வரும்" என்றார் அப்பா. பெண் வீட்டு வாசலில் போட்டிருந்த பெரிய கோலத்தின் மேலேயே கம்பீரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

உள்ளே கேசரி வந்தது. பஜ்ஜித் தட்டோடு கோமதி வந்தாள். போட்டோவை விட நேரில் பத்து மடங்கு அழகு. நான் பஜ்ஜியை எடுக்கக் கையை நீட்டுகிறேன், அவள் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அண்ணாச்சி, உங்க வண்டி பொகையுதே!"

ஓடினேன். காருக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை. பானட்டைத் திறக்கப் போனேன்.

"தொறக்காதீங்க! காத்து பட்டா பிடிச்சிரும்! தள்ளி நில்லுங்க!"

பார்த்தால், கோமதி பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, துணி காயப்போடும் கம்போடு வருகிறாள். குனிந்து பார்த்தாள், கம்பை விட்டு ஒரே இழுவை. அப்பாவின் கழிவு நூல் உருண்டை கனன்றுகொண்டே வெளியே வந்து விழுந்தது. வேலியோரம் கிடந்த மணலை வாரி அதன்மேல் கொட்டினாள், காருக்கு அடியிலும் வீசினாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அந்தப் புகைக்குள் நின்றே முடிவு செய்தேன்.

"இத யாரு கட்டுனா?"

"நாந்தாம்மா" என்றார் அப்பா, கொஞ்சம் பெருமையாகவே. "தறிக்கு இப்படித்தான் கட்டுவோம்."

அவள் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியது.

"முப்பத்தாறு முப்பத்தாறு... இது அந்தத் தவறிப்போனவுக வண்டில்லா?"

"யாரும்மா தவறுனது?" என்றாள் அம்மா.

"இதோட ஓனர். அவுக பேரும் சங்கரநாராயணன்தான். ஹார்ட் அட்டாக். நாந்தான் சர்வீஸ் சென்டர்ல இருந்து போன் பண்ணுனேன், அவுக சித்தப்பா சொன்னாவ."

"இவனுக்குச் சித்தப்பாவே கெடையாதேம்மா" என்றார் அப்பா. தறிக்கூடத்துக் குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பூமி பிளந்தால் காரோடு இறங்கிவிடலாம் போல இருந்தது. கோமதி என் முன்னால் வந்து நின்றாள்.

"ஹார்ட்டும்மான்னு சொல்லுங்க பாப்பம்."

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"சொல்லுங்க."

"ஹார்ட்டும்மா" என்றேன். பயத்தில் குரல் தானாகவே கரகரவென்று வந்து தொலைத்தது.

"எடு செருப்ப!" என்று அம்மா கத்தினாள். "பெத்தவ இருக்கும்போதே செத்தேன்னு சொன்னியால பாவி!"

ஆனால் என்னை அடித்தது கோமதி சொன்னதுதான். "அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு எறங்கல. சாயந்தரம் கோவில்ல உங்களுக்கு மோட்ச தீபம் போட்டேன்." கண் கலங்கியிருந்தது.

முகம் தெரியாத ஒருத்தி எனக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாள். நானோ அன்றைக்கு ரெண்டு பிளேட் பரோட்டா தின்றேன். எனக்கே என்மீது வெறுப்பாக இருந்தது. "தப்பு எம்மேலதான். ஊர் சிரிக்கும்னு பயந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் அப்பா கேட்டார்: "என்னம்மா சொல்லுத? அனுப்பிச்சிரவா?"

"நாளைக்கு லாரி வரச் சொல்லுதேன். வண்டி ஏறட்டும். கூட இவுகளும் ஏறி, சங்கரன்கோவில் பஜார் வழியா வரட்டும். பெறவு சொல்லுதேன்."

அன்றைக்குப் பட்டுச் சட்டையோடு பஸ்ஸில் வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் திரும்ப வாசுதேவநல்லூர் போய் லாரியில் ஏறினேன். என் கார் மேலே, நான் டிரைவர் பக்கத்தில். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் முன்னால் நெரிசலில் லாரி பத்து நிமிடம் நின்றது. பூக்கடை அண்ணாச்சி ஓடி வந்தார்.

"என்னல சங்கரா, வண்டியத் தூக்கிட்டானுவளா?"

"ரீகால் அண்ணாச்சி! ஆயில் சீல்! கம்பெனி மிஸ்டேக்! ஃப்ரீ!" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. அங்கிருந்து கிளம்பும்வரை கத்திக்கொண்டே இருந்தேன்.

சர்வீஸ் சென்டரில் கோமதி யூனிஃபார்மோடு கவுன்ட்டரில் இருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஓனர் இறந்துட்டார்னு ஏத்தியாச்சு சார். உயிரோட இருக்கீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை ஆரம்பிக்க முடியும்."

எழுதினேன். 'நான் உயிரோடுதான் இருக்கிறேன். இனிமேல் சாக மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன்.'

வாசித்தாள். "ஆபீசுக்கு மொத வரி போதும் சார்" என்றாள். பிறகு எழுந்து போய் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை ஃபைலில் வைத்தாள். இன்னொன்றை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த ஜெராக்ஸ் இப்போது எங்கள் வீட்டு ஹாலில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா முதலில் காட்டுவது அதைத்தான். அப்பா கழிவு நூலோடு காருக்குப் பக்கத்தில் போவதற்குத் தடை. புது நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் நான் ஹலோ சொல்வதில்லை. "உயிரோடதான் இருக்கேன், சொல்லுங்க" என்றுதான் வாயில் வருகிறது. உடனே அடுப்படியிலிருந்து கோமதியின் குரல், போனில் இருப்பவருக்கும் கேட்கும்படி வரும்:

"நல்லா விசாரிச்சுக்கோங்க சார், பேசுறது சித்தப்பாவா இருக்கும்!"