மெஷின் படுத்திருந்த அறை

மொட்டை மாடியில் நின்ற தூசி அளக்கும் மெஷினைத் திறந்து தூசி சார் வடிகட்டித் தாளை உருவினார். முந்தின நாள் வெள்ளை வெளேரென்று வைத்த தாள். இப்போது அதில் விரலைத் தேய்த்தால் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ளலாம்.

அந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவர்தான் சுற்றுச்சூழல் அதிகாரி. குவார்ட்டர்ஸில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்கிறவர், அதனால் தூசி சார். அளக்கத்தான் அவருக்குச் சம்பளம், குறைக்க இல்லை என்று வாய்க்கொழுப்புள்ளவர்கள் சொல்வதுண்டு. பொய்யென்றும் சொல்ல முடியாது.

அந்தத் தாளைப் பார்க்க அரசாங்க ஆய்வாளர் வரப்போகிறார். வருஷா வருஷம் வருகிற ஆய்வுதான். இந்த வருஷம் அவருக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. மகளுக்கு மூச்சிரைப்பு. மருந்தை மாற்றிப் பிரயோஜனமில்லை, ஊரை மாற்றுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மாற்றல் கேட்டு இவர் போட்ட மனுவை மேனேஜர் இழுப்பறையில் படுக்கவைத்திருந்தார்.

"ஆய்வு நல்லபடியா முடியட்டும்யா. மறுநாளே கையெழுத்துப் போட்டு மேல அனுப்பறேன்."

தூசி சார் முதலில் தண்ணீர் லாரியை விட்டு ரோடு முழுக்கத் தெளிக்கச் சொன்னார். லாரிக்காரர் சுரங்கக் குழியில் தேங்கிக் கிடந்த கறுப்புத் தண்ணீரையே உறிஞ்சி வந்து தாராளமாகத் தெளித்தார். வெயிலில் காய்ந்ததும் ரோட்டுத் தூசியோடு குழித் தூசியும் கைகோத்துக் கிளம்பியது. கொடியில் துணி காயப்போட்டிருந்த பெண்கள் தூசி சாரின் பரம்பரையையே விசாரித்தார்கள்.

சரி, நல்ல தண்ணீரே தெளிப்போம் என்று குவார்ட்டர்ஸ் தொட்டியைத் திறந்துவிட்டார். ரோடு சேறானது. நிலக்கரி லாரிகள் அந்தச் சேற்றை வாசல் வாசலாகக் கொண்டு சேர்த்தன. வீட்டுக் குழாய்களில் காற்று மட்டும் வந்தது. புதுத் தாளும் கறுத்தது.

ஆய்வுக்கு ஒரு நாள்தான் பாக்கி. ஊரிலேயே தூசி நுழையாத இடம் ஒன்றே ஒன்று. ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, வாசலில் ஈரப் போர்வை தொங்கவிட்டு, பொழுதன்னிக்கும் தரையைத் துடைத்து அவர் மனைவி காப்பாற்றி வைத்திருந்த மகளின் அறை.

பட்டப்பகலில் இரண்டு பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குள் போனதை எதிர்வீடு பார்த்தது, பின்வீடு எட்டிப் பார்த்தது. பீரோ வாங்கியிருக்கிறார் என்றுதான் முதலில் பேச்சு.

ஓடுகிற மெஷின் போட்ட சத்தத்தில் அந்த அறையில் மனுஷர் படுக்க முடியாது. தலையணையோடு பிள்ளை முன்னறைக்கு வந்தது.

"அப்பா, மெஷினுக்கும் மூச்சிரைப்பா?"

"ஒரே ஒரு நாள்தான் கண்ணு. அப்புறம் நாம வேற ஊருக்கே போயிடலாம்."

மனைவி மருந்து பாட்டிலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். "பெத்த பொண்ணை வெளிய தள்ளிட்டு அதைப் படுக்க வச்சிருக்கீங்க. வேளாவேளைக்கு இதையும் அதுக்கே ஊத்திடுங்க."

மறுநாள் காலை தாள் பால்போல் வெளுத்திருந்தது. மெஷின் மாடிக்குத் திரும்பியது. பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது.

ஆய்வாளர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய ஆபீஸ் சுவர்கூட இவ்வளவு வெள்ளையாக இருக்காது என்று வியந்தார். மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் தொட்டி காலியானதால் விருந்தினர் விடுதியில் ஒரு டீ போடத் தண்ணீர் இல்லை. தரை துடைக்கப் பிடித்து வைத்த தண்ணீர் தூசி சார் வீட்டில் இருந்தது. எல்லாருமாக அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

டீ பாதி குடிக்கும்போது ஈரப் போர்வைக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஆய்வாளர் கப்பைக் கீழே வைத்தார்.

"பாப்பாவுக்கு என்ன, தூசியா?"

மேனேஜர் தூசி சாரைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள்.

"சேச்சே, நிறைய ஐஸ்கிரீம் தின்னுட்டா சார். இங்க காத்து ரொம்ப நல்ல காத்து," என்றார் தூசி சார்.

கப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போன மனைவி, அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே மனு மேலே போனது. வீட்டில் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். போகிற ஊரில் எதற்கு என்று மனைவி ஜன்னல் டேப்பையெல்லாம் உரித்துப் போட்டாள். அவளே சிரித்துப் பேசியதாக எதிர்வீட்டில் சாட்சி உண்டு.

அடுத்த மாசம் ஒரு காலை, கம்பெனி லாரி வந்து நின்றது. ஆர்டர் வருவதற்கு முன்பே லாரி வந்துவிட்டதே என்று தூசி சாருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பெட்டியைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே மகள், பொம்மையை அணைத்துக்கொண்டு, இருமிக்கொண்டு.

டிரைவர் பின்கதவைத் திறந்தார். உள்ளே யாருடையதோ கட்டில், பீரோ, ஒரு சின்ன சைக்கிள்.

"ஏத்த வரல சார், பக்கத்துல காலியா கிடக்கிற வீட்டுல இறக்க வந்திருக்கேன்," என்றார் டிரைவர். "வேற சுரங்கத்துக் குடும்பம், பையனுக்கு மூச்சிரைப்பாம், கம்பெனியிலேயே நல்ல காத்து இங்கதான்னு மாத்தி விட்டிருக்காங்க."