சுறா வாசனையும் சோல்வெய்க் அம்மாளும்

"ஜன்னலைச் சாத்து. உள்ளே இருக்கறதைவிட வெளியே இருந்துதான் வாசனை அதிகமா வருது," என்றாள் அஸ்கெய்ரின் மனைவி ஸ்டெய்னுன்.

அவன் சாத்தினான். ஐஸ்லாந்தின் கடலோரத்தில் அவர்களுடைய பண்ணையில் இருந்த சுறா அருங்காட்சியகத்தைப் பார்க்க, தலைநகரிலிருந்து சோல்வெய்க் என்ற அம்மாள் அன்று மதியம் வருவதாக இருந்தார். சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்கலாமா என்று முடிவு செய்பவர் அவர்தான். பேருந்து வராவிட்டால் குளிர்காலத்தில் கட்டடம் மறுபடி ஆடுகளுக்கு என்று ஸ்டெய்னுன் தீர்ப்பு சொல்லிவிட்டாள். அப்பாவின் படகு, சுறாத் தாடைகள், ஒரு சுறாவின் வயிற்றில் கிடைத்த ஒற்றை பூட்ஸ், எல்லாம் எங்கே போகும் என்று அஸ்கெய்ருக்குத் தெரியவில்லை.

"அந்தம்மாவுக்கு வழி சொன்னியா? பெயர்ப்பலகைதான் புயல்ல பறந்து போச்சே."

"எல்லாருக்கும் சொல்றதுதான். கார் ஜன்னலை இறக்கி வெச்சுட்டு வாங்க, வாசனை வர்ற இடத்துல திரும்புங்கன்னேன்."

பின்கொட்டகையில் தின்பதற்காக மாதக்கணக்காகத் தொங்கிப் புளிக்கும் சுறா இறைச்சி அவர்களுக்கு வாசனை, வெளியாருக்கு நாற்றம். போன வாரம் ஒரு வெளிநாட்டுக்காரி படகைப் பார்த்தபடியே மயங்கிச் சாய்ந்தாள். அதிலிருந்துதான் அஸ்கெய்ருக்கு இந்தப் பயம்.

அவன் ஸ்டெய்னுனின் சென்ட் பாட்டிலை எடுத்து அறை முழுக்கத் தெளித்தான்.

"இப்ப ரோஜாத் தோட்டத்துல சுறா செத்த மாதிரி இருக்கு. அதுவும் நான் கல்யாணங்களுக்குப் போடற சென்ட்," என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் பக்கத்துப் பண்ணை தோர்க்கெலுக்குப் போன் போட்டான்.

"உன் ஆட்டுக் கொட்டகை காலியாத்தானே இருக்கு?"

"ஆடெல்லாம் மலையில மேயுது. ஏன், பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"என்னை இல்லடா, சுறாவை."

"கொண்டா, கொண்டா. உனக்கில்லாத இடமா?"

டிராக்டரில் அத்தனை இறைச்சியையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே தொங்கவிட்டான். திரும்பி வந்து தரையைத் தேய்த்துக் கழுவினான். தானும் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டான். ஸ்டெய்னுன் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு," என்றாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் போயிற்று. காபி ஆறியது. விருந்தாளிக்குச் சுட்ட அப்பத்தை இருவருமே தின்று தீர்த்தார்கள். ஒரு காரும் திரும்பவில்லை. அஸ்கெய்ர் படகின் விளிம்பைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். அழுகை வரும்போல இருந்தது.

அப்போது தோர்க்கெல் கூப்பிட்டான்.

"அஸ்கெய்ர், கோவிச்சுக்காத. சோல்வெய்க்னு ஒரு அம்மா காரை நேரா என் கொட்டகைக்கு ஓட்டிட்டு வந்து, மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிசிரின்னு சிரிச்சு, ரெண்டு துண்டு தின்னுட்டு, இந்த நாத்தத்துக்காகவே ஜனம் வரும்னு என்னைப் பேசவே விடாம கையைக் குலுக்கிட்டுப் போயிட்டாங்க. திங்கக்கிழமையிலேர்ந்து பஸ் வருதாம். வெறும் கொட்டகையைக் காட்ட எனக்குக் கூச்சமா இருக்கு, அந்த ஒத்தை பூட்ஸைக் கொஞ்சம் கொடுத்தனுப்பேன்."