மனுஷன் வசிக்காத கராஜ்

இதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தா என் டீ ஆறிப் போகட்டும். யார்க்‌ஷர்ல அதுக்கு மேல சத்தியம் கிடையாது.

இங்கிலாந்துல எங்க டான்காஸ்டர் ஊர்க்காரர் கிளிஃபர்டுக்கு ஒரே ஆசை. தன் வீட்டுல தனக்குன்னு ஒரு நாற்காலி, அதுல நிம்மதி. கார் நிறுத்துற கராஜ் மேல கண்ணு. பெண்டாட்டி நோரீனுக்கும் அதே கராஜ் மேலதான் கண்ணு. அவ அக்கா வளர்க்குற ஓய்வுபெற்ற ரேஸ் நாய்ங்களுக்கு.

நோரீன் அக்கா வீட்டுக்குப் போன வாரம் பார்த்து, நம்மாளு கராஜ் கதவைக் கழட்டி எறிஞ்சிட்டு செங்கல் வெச்சு அடைச்சுட்டார். உள்ள கம்பளம், நாற்காலி, டிவி, பீர் பீப்பாய். சொர்க்கம், சைடு வாசலோட.

திரும்பி வந்தவ சண்டையே போடல. "ஊர் கவுன்சில்ல அனுமதி கேட்டியா கிளிஃப்?"

"நாலு சுவத்துக்குள்ள நான் பண்றதுக்கு அவனை எதுக்குக் கண்ணு கேக்கணும்?"

"சரிதான்"னா. மறுநாளே கவுன்சில் இன்ஸ்பெக்டர் ஹெப்வொர்த் வாசல்ல நிக்கிறார். யார் போன் போட்டாங்கன்னு நான் சொல்லணுமா?

சுவத்தைத் தட்டிப் பார்த்தார். "இது மனுஷன் வசிக்கிற அறையா சார்?"

"ஆமான்னா?"

"தரையைப் பேத்து ஈரம் ஏறாம பண்ணணும். சுவர் குளிர் தாங்கணும். தீப்பிடிச்சா எகிறிக் குதிக்கிற மாதிரி ஜன்னல் வேணும்."

"இல்லைன்னா?"

"வெறும் கிடங்குன்னா இப்படியே கிடக்கட்டும்."

கிளிஃபர்டு முகத்துல பல்பு எரிஞ்சுது. "மனுஷனா? இங்கயா? கொசு கூட உக்காராது சார்."

"அந்த நாற்காலி?"

"சும்மா கிடக்கு."

"டிவி ஓடுதே?"

"நாற்காலிக்குப் பொழுது போக வேணாமா?"

"பீப்பாய் பாதி காலி?"

"ஆவியாயிடுச்சு."

டீயோட வந்தா நோரீன். "உண்மைதான் சார். அதுக்குள்ள மனுஷன்னு சொல்ற மாதிரி ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல. நாய்ங்க படுக்கலாமா?"

"தாராளமா. இந்த ரூல் எல்லாம் மனுஷனுக்குத்தான்."

"அக்கா, நாய்ங்களை இறக்கிவிடு!"ன்னு தெருப்பக்கம் கத்தினா நோரீன்.

தெருவுல காரோட காத்திருந்த அக்கா கதவைத் திறந்தா. மூணு நாயும் ரேஸ் ஞாபகத்துல பறந்து வந்துச்சு. ஜெயிச்சது நாற்காலியில ஏறிச்சு. தோத்தது ரெண்டும் கம்பளத்துல.

"நோரீன், அப்போ நான் எங்க உக்கார்றது?"

"மனுஷன்னா வீட்டுக்குள்ள வந்து பாத்திரம் தேய். இல்லைன்னா அங்கயே படு, ரூல் இடம் குடுக்குது."

சிரிச்சாச்சில்ல? ஆளுக்கொரு பைன்ட் பீர் வாங்கி என் மேஜையில வைங்க. ஓசியில சிரிக்க எந்தக் கவுன்சிலும் அனுமதி குடுக்கல.