சிப்பித்துறை சொன்ன மறுமொழி

சிப்பித்துறை,
முல்லைத்தீவு.
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் வின்சனுக்கு,

அந்தோனியாரின் காவலில் நானும் உமது அக்கா ஜோசப்பினும் மகள் எமில்டாவும், வலையும் வள்ளமும், சுகமாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் இந்தச் சுகத்தில் சேராது. ரொறன்ரோக் குளிரில் நீரும் உமது குடும்பமும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்க மன்றாடுகிறோம்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீர் என்னைக் கதைக்க விடுவதில்லை. போன ஞாயிறு எடுத்து, "அத்தான், அந்த வீடியோவில நிண்டு துள்ளுறது நீங்களே? எமில்டாவுக்கு நான் பேசின மாப்பிள்ளையின்ர தாய் பாத்திட்டு என்னைக் கேள்வி கேக்கிறா!" என்று கத்திவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டீர். ஆகையால் எழுதுகிறேன். கடிதத்தில் நீர் குறுக்கே விழ முடியாது.

ஓம், துள்ளியது நான்தான். ஆனால் அது துள்ளல் அல்ல, கரைவலை இழுப்பு. மீசை முளைக்கமுன் வெளிநாடு போன உமக்கு அது மறந்திருக்கும். உழவு இயந்திரத்தைக் கட்டி வலை இழுக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு நாங்கள் மறுபடி கையால் இழுக்கத் தொடங்கினோம். கை இருந்தது, கயிறு இருந்தது, பாட்டு இல்லை. எங்கள் கரை வழக்கப்படி பாட்டுக்காரன் ஓரடி கேட்பான்; கயிற்றின் தலைப்பில் நிற்கும் வலைச் சொந்தக்காரன், அதாவது சம்மாட்டியாகிய நான், முதலில் மறுமொழி சொல்ல வேண்டும்; பிறகுதான் மற்றவர்கள் அதையே சொல்லி ஒன்றாக இழுப்பார்கள். சம்மாட்டி வாய் திறக்காமல் ஒருவனும் கயிற்றைத் தொடமாட்டான். பழைய பாட்டுகளில் எங்களுக்கு மிஞ்சியிருந்தது இரண்டு வரி. இரண்டு வரியில் வலை பாதிக்கடல்கூடத் தாண்டாது. அந்த நேரத்தில்தான் கோவிலடி றொனால்ட் வந்து சேர்ந்தான். கப்பலில் வேலைக்குப் போன பெடியன். அந்தக் கப்பல் சோமாலியாக் கரையில் பழுதாகி நிற்க, முதலாளிமார் கைவிட்டுவிட்டார்கள். பல மாதம் அந்த ஊர் மீன்பிடிகாரரோடு உண்டு, உறங்கி, அவர்களுடைய வலையை இழுத்து, கடைசியில் யாரோ புண்ணியவான்கள் ஏற்றிவிட, வீடு வந்தான். கொண்டுவந்தது ஒரு பாட்டு மட்டும்.

"சம்மாட்டி, நான் கேக்கேக்க நீங்கள் 'காதோ, காதோ' எண்டு சொல்லுங்கோ. பலமாச் சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். நான் சொன்னதை ஊர் சொன்னது. மச்சான், அன்று வலை தானாக நடந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வலையின் மடி நிறையப் பாரை மீனும் சூடை மீனும். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை விடுவோமா? "என்ன பாட்டடா இது?" என்று ஒருநாள் கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு, "கேக்கிறதும் குடுக்கிறதும் பற்றின பாட்டு, சம்மாட்டி" என்றான். நாங்கள் கேட்கிறோம், கடல் கொடுக்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். பங்குச் சுவாமியும் அதைக் கேட்டுத் தலையாட்டி, "வேதத்திலயும் அதுதானே இருக்கு" என்று அனுமதி தர, அந்தோனியார் பெருநாளுக்குக் கூட்டுப்பிரார்த்தனை முடிய பாண்ட் வாத்தியத்தோடு பாடினோம். நான் முன்னால் நின்று கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து மறுமொழி சொன்னேன். இரண்டு கிழவிகள் அழுதார்கள்.

வீடியோ எடுத்தது உமது மருமகள் எமில்டா. பாலர் பாடசாலைப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கரைக்கு வந்தவள். "ஏன் பிள்ளை வெய்யிலுக்க வந்தனீ?" என்றதற்கு, "உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தனான் அப்பா" என்றாள். அவள் அதற்குமுன் ஒருநாளும் எனக்குக் கரைக்குச் சாப்பாடு கொண்டு வந்ததில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவள் அதை இணையத்தில் போட, கிழமை முடியுமுன் உலகத்தில் உள்ள சோமாலியர் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் போல இருக்கிறது. அவர்கள் கீழே எழுதியிருந்தது விளங்கவில்லை. இதயமும் பூவும் ஒட்டகமும் போட்டிருந்தார்கள். இதயமும் பூவும் சரி, ஒட்டகம் ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் இருக்கிற இருப்பை நீர் வந்து பார்க்க வேண்டும். முன்பு கைகாட்டினாலும் நிற்காத பஸ் இப்போது தானாக நிற்கிறது. கொண்டக்டர் "காதோ இறக்கம்!" என்று கூவுகிறான். உருத்திரபுரத்தில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள், கண்டாவளையில் இருந்து வயல்காரர் ஒரு வான் நிறைய, வவுனியாவில் இருந்து புதுக் கலியாணச் சோடிகள் என்று வந்து எங்களோடு கயிறு பிடிக்கிறார்கள். நான் பெருமை பேசுகிறேன் என்று நினையாதேயும். பெருமைதான் பேசுகிறேன். மச்சான், எங்கள் கரையின் பெயர் இதற்குமுன் செய்தியில் வந்தது கடல் ஊருக்குள் வந்த வருடமும், பிறகு சண்டை ஊருக்குள் வந்த வருடமும்தான். இரண்டு தரமும் செத்தவர்களைச் சொல்லத்தான் எங்கள் பெயரைச் சொன்னார்கள். இப்போதுதான் முதன்முதல் நாங்கள் உயிரோடு நின்று பாடுவதற்காக எங்கள் பெயரைச் சொல்கிறார்கள். அன்றிரவு நான் உமது அக்காவுக்குத் தெரியாமல் அழுதேன்.

இனி நீர் கோபப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். நைரோபியில் இருந்து ஒரு சோமாலியத் தொலைக்காட்சிக்காரர் எங்களோடு நேரலையில் கதைக்க வேண்டும் என்றார்கள். கோவில் வளவில் படம் விழ வெள்ளைச் சீலை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஊர் முழுக்க வந்து குந்தியது. நான் என் கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டையைப் போட்டு, பொத்தான் பூட்டுப்படாததால் சேட்டை வெளியே விட்டு, முன் கதிரையில் இருந்தேன். தொலைக்காட்சியில் பேட்டி எடுத்த அம்மா ஆங்கிலத்தில் கேட்க, எமில்டா தமிழில் சொன்னாள். "கயிற்றுத் தலைப்பில நிண்டு மறுமொழி சொல்லுற ஐயா ஆர் எண்டு கேக்கினம் அப்பா." நான் எழுந்து நின்றேன். நைரோபியில் கை தட்டினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி என்னை ஆசீர்வதித்தார். அடுத்த கேள்வி வந்தது. எமில்டா அதைத் தமிழில் சொல்லாமல் சுவாமியைப் பார்த்தாள். சுவாமிதான் செருமிக்கொண்டு எழும்பினார்.

"ஸ்ரீபன், கலியாணம் எப்ப எண்டு கேக்கினம்."

"ஆற்ற கலியாணம் சுவாமி?"

அப்போதுதான் முழுவதும் வெளியே வந்தது. அது காதல் பாட்டு. பெண்ணுக்குப் பரிசமாகக் கொடுக்க ஒட்டகம் ஒன்றுகூட இல்லாத ஒரு பெடியன், பெண்ணின் தகப்பனைப் பார்த்து, வெறுங்கையோடு வந்து நிற்கிறேன், உன் மகளைத் தருவாயா என்று கேட்கிறான். தகப்பன் சொல்லும் மறுமொழி "காதோ". என்றால், எடுத்துக்கொள். நான் அதைத் தினம்தினம், கடல் சாட்சியாக, ஊரையும் சேர்த்துக்கொண்டு, பலமாகச் சொல்லியிருக்கிறேன். பெருநாளுக்கு பாண்டோடு சொல்லியிருக்கிறேன். றொனால்டைத் தேடினேன். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் நின்று தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எமில்டா கால்விரலைப் பார்க்கவில்லை. என்னைத்தான் நேரே பார்த்தாள். முதலில் சிரித்தது உமது அக்கா. பிறகு ஊர். நான் மானத்தைக் காப்பாற்ற, "மீன் காலம் முடியட்டும்" என்றேன். அதை அவர்கள் நாள் குறித்ததாக எடுத்து நைரோபியில் குலவை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். "ரொறன்ரோவுக்குக் கலியாணம் கட்டிப் போகமாட்டன் எண்டு மாமாவுக்கும் உங்களுக்கும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். ஒருத்தரும் காதில விழுத்தேல்லை. அவருக்கு உங்களிட்ட நேர கேக்கப் பயம். பாட்டில கேளுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்" என்றாள். பார்த்தீரா? சம்மாட்டியின் வாயில் இருந்தே சம்மாட்டியின் சொல்லைக் களவெடுத்திருக்கிறார்கள்! விளங்காமல் சொன்ன சொல் செல்லாது. அந்தப் பாட்டு இனி என் வலையில் வேண்டாம் என்று றொனால்டுக்குச் சொல்லிவிட்டேன். ஊரின் பேர் போனால் போகட்டும். மாப்பிள்ளையின் தாயாருக்குச் சொல்லும்: அது வெறும் பாட்டு, எங்கள் பேச்சில் மாற்றமில்லை, ஸ்ரீபன் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

உமது தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் ஓங்க, அந்தோனியார் உம்மைப் பனியிலும் வழுக்காமல் நடத்திச்செல்ல, அக்காவின் முத்தங்களோடு,

இங்ஙனம்,
உமது அத்தான்,
சம்மாட்டி ஸ்ரீபன்.

பி.கு.: இன்று சனிக்கிழமை. கடிதத்தைப் படம் எடுத்து உமக்கு அனுப்பச் சொல்லி எமில்டாவிடம் கொடுத்துவிட்டுக் காலையில் கரைக்குப் போனேன். அவள் இன்னும் அனுப்பவில்லை; திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். றொனால்ட் நான் சொன்னபடியே பழைய இரண்டு வரியைப் பாடினான். நானும் மறுமொழி சொன்னேன். ஒருவன் இழுக்க ஒருவன் விட, வலை கடலிலேயே கிடந்தது. வந்திருந்த சனம் முகத்தைப் பார்த்தது. அவன் என்னிடம் கெஞ்சவில்லை. "வேற பாட்டு இருந்தாச் சொல்லித் தாங்கோ சம்மாட்டி, பாடுறன்" என்று மட்டும் சொன்னான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் இல்லாமல் இந்தப் பாட்டை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுவந்தவன். பின்கதவால் வந்து என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் ஊருக்கு முன்னால், என் முகத்துக்கு நேரே நின்று கேட்டிருக்கிறான். மச்சான், எனக்குத் தாங்கவில்லை. அவன் கேட்கமுன்னமே நான் "காதோ" என்றேன். ஒருவரும் கயிற்றை அசைக்கவில்லை. திரும்பவும், பலமாக, "காதோ" என்றேன். றொனால்ட் பாடாமல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவனுக்காகக் கேள்வியை ஊரே பாடியது. சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த எமில்டா போனைக் கையில் எடுக்கவேயில்லை, நின்று அழுதாள். ஆகையால் மாப்பிள்ளையின் தாயாருக்குக் காட்ட வீடியோ இல்லை. நீரே சொல்லிவிடும். இந்தமுறை விளங்கித்தான் சொன்னேன்.