கல்லுப்பாண் அண்ணை ஊறப்போட்டது

கனடாவுக்கு வந்த தமிழர் எல்லோரும் ஊரை நினைத்து ஏங்கினார்கள். கனடாவில் இருந்துகொண்டே கனடாவை நினைத்து ஏங்கிய ஒரே தமிழர், எனக்குத் தெரிந்து, கல்லுப்பாண் அண்ணைதான்.

எண்பதுகளின் நடுவில், மொன்றியல் கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் ஒரு கூட்டமாக இருந்தோம். அகதி வழக்கு முடியும்வரை ஆளுக்கொரு மெத்தை. ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவர்கள், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர்கள், காலையில் பிரெஞ்சு வகுப்புக்கும் மாலையில் கோப்பைக்கும் ஓடுகிற நான். எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே பேச்சு: புட்டு, ஒடியல் கூழ், நண்டு. வாயூறி வாயூறிக் கடைசியில் யாராவது மூக்கைச் சிந்துவார்கள். கல்லுப்பாண் அண்ணை மட்டும் ஜன்னலடியில் நின்று விழுகிற பனியைப் பார்த்தபடி, "இப்ப கண்டரில நல்லாப் புகார் மூடியிரிக்கும்" என்று பெருமூச்சு விடுவார்.

கண்டர் என்பது கனடாவின் கிழக்குக் கோடியில், நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு விமான நிலையம்; புகார் என்பது அங்கத்தைய மூடுபனி. கடல் தாண்டி வரும் சில விமானங்கள் எண்ணெய் நிரப்ப அங்கே இறங்கும். மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட அண்ணைக்கு ஏஜென்ட் சொன்னது ஒன்றே ஒன்று: "பிளேன் கனடாவில நிலத்தைத் தொட்டவுடன இறங்கு. யோசியாதை." அண்ணை சொன்னதைச் செய்கிறவர். யோசிக்காமல் இறங்கிவிட்டார்.

"பெரிய பட்டினம் எண்டானுகள், ஒரு கட்டிடத்தையும் காணல்ல. சரி, புகாருக்குள்ள ஒளிச்சிரிக்கும் எண்டு நினைச்சன் மனே."

வாசலில் நின்ற அதிகாரியிடம் எங்கள் வீட்டு விலாசத்தைக் காட்டி, எந்த பஸ் என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் விலாசத்தைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் படித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "அது கடலுக்கு அந்தப் பக்கம் ஐயா" என்றாராம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் டொறத்தி என்றொரு விதவை அம்மாவின் வீட்டில் அண்ணையைத் தங்கவைத்தார்கள். முதல் நாள் அவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லையாம். டொறத்தி அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ஃபிஷ் அண்ட் புரூஸ் என்று பெயர். கல்லுப் போன்ற காய்ந்த பாணை, அதாவது ரொட்டியை, ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பிட்டுக் காய்ந்த கொட் மீனையும் ஊறப்போட்டு, இரண்டையும் அவித்து உதிர்த்துப் பொரித்த கொழுப்பைத் தூவுவது. அந்தத் தீவுக்காரரின் அம்மாக் கைச் சாப்பாடு.

இதை விவரிக்கும்போது அண்ணை எங்களோடு இருக்கமாட்டார். கண் பாதி மூடிவிடும். "ஆவி எழும்புது மனே. வெளியில புகார், உள்ளுக்க ஆவி. எது எதெண்டு தெரியல்ல. ஒரு வாய் வைச்சன். கை நடுக்கம் நிண்டிட்டு. சரி, நாம இனிச் சாகமாட்டம் எண்டு அப்பதான் விளங்கிச்சு." கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கும் அறை மெல்ல மிதப்பது போல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பனி மேலிருந்து விழுகிறதா, நாங்கள் மேலே போகிறோமா என்று தெரியாது.

மயக்கத்தைக் கலைப்பதற்கென்றே எங்களிடம் ஒருவன் இருந்தான். யாழ்ப்பாணத்து ராசன். குசினியில் அடுப்பும் சட்டியும் அவனுடைய ஆட்சி. "பாணும் கருவாடும்! இதுக்குத்தானோ அண்ணை இவ்வளவு வாசிப்பு? எங்கட வீட்டுப் பூனையே தின்னாது" என்பான்.

அண்ணை ஆங்கிலம் கற்றதும் டொறத்தி அம்மாவிடம்தான். ஆகவே அவர் பேசியது மட்டக்களப்பு வாயில் நியூபவுண்ட்லாந்து மீனவர் ஆங்கிலம். ஆட்களைக் கண்டால் "வட் ஆர் யி அட், பாய்?" என்று சுகம் விசாரிப்பார். கடைக்காரப் பெண்களைச் செல்லமாக "மை டக்கி" என்பார். இலவச ஆங்கில வகுப்பில் அவர் வாயைத் திறந்த முதல் நாள், ஆசிரியை சோக்கட்டியை வைத்துவிட்டு, இவருக்குத் தொடக்க வகுப்பா உயர்வகுப்பா என்று தீர்மானிக்க மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளரும் தீர்மானிக்கவில்லை.

அவருடைய மனைவி பூமணியக்கா மட்டக்களப்பில் இருந்தார். கடிதம் எழுத அண்ணைக்குப் பொறுமை கிடையாது. கசட்டில் பேசி, போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அக்காவும் கசட்டில் பதில் சொல்வார். ஒளிவு மறைவுக்கு இடமில்லாத வீடு. எல்லோரும் சுற்றியிருந்துதான் கேட்போம். அக்காவின் விசா சரிவந்த பிறகு வந்த கசட்டில் அந்தக் குரல் மெலிந்திருந்தது. "எனக்குப் பயமா இரிக்கி. அந்தக் குளிருக்குள்ள நான் இரிக்கமாட்டன். வாறன், ஆனா ஏலாதெண்டா அடுத்த பிளேனில திரும்பிடுவன். பேசப்படாது."

அண்ணை ரெக்கோடரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். "பூமணி, வந்து இறங்கின அண்டைக்கு உனக்கு முதல் சாப்பாடு ஃபிஷ் அண்ட் புரூஸ். அதைத் தின். மறுகா போறதெண்டாப் போ."

அன்று தொடங்கியது வேட்டை. மீன் இலேசில் கிடைத்தது. போர்த்துக்கீசர் கடையில் பலகை போல அடுக்கியிருந்தார்கள். கல்லுப்பாண்தான் இந்த நகரத்தில் இல்லை. பிரெஞ்சு பேசத் தெரிந்தவன் என்ற ஆர்வத்தில் நானும் கூட ஓடினேன். எங்கள் மூலைக் கடை, இங்கே தெப்பனர் என்பார்கள், அதன் முதலாளி நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு இரக்கத்தோடு ஒரு பெட்டி பூத்தீனை நீட்டினார். உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் சீஸ் கட்டி, அதன் மேல் சுடச்சுடக் குழம்பு. மனக்கவலைக்கு இதைவிட மருந்து இல்லையாம். அண்ணை ஒரு துண்டு சாப்பிட்டார். முழுவதும் சாப்பிட்டார். பெட்டியை வழித்தார். "நல்லாத்தான் இரிக்கி. ஆனா இது இவரிட ஆறுதல், மனே. என்ட இல்ல" என்றார்.

இன்னொரு கடைக்காரி நாய் பிஸ்கட்டை எடுத்துக் காட்டினார். அண்ணை அதைத் தட்டிப் பார்த்து, "இது மெத்து" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றுதான் அவருக்குக் கல்லுப்பாண் அண்ணை என்ற பெயர் நிலைத்தது.

அக்கா வரும் வாரமும் வந்துவிட்டது. பாணை விடுங்கோ, முதலில் வேலையைத் தேடுங்கோ என்று அவரை லாசாலில் ஒரு தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் எங்களைப் பார்க்காமலே, என்ன வேண்டும் என்றார். அண்ணை தன் வழக்கப்படி, "வட் ஆர் யி அட், பாய்?" என்று ஆரம்பித்தார்.

பின்னால் ஒரு பாரந்தூக்கி வண்டி கிறீச்சிட்டு நின்றது.

அதிலிருந்து தேக்குமரம் போல ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கினார். அண்ணையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "வேர் யி ஃப்ரம், மை சன்?"

"கண்டர்" என்றார் அண்ணை. சிறிது யோசித்து, மட்டக்களப்பையும் விடாமல், "அண்ட் பட்டிக்கலோ" என்றார்.

அதன்பின் இருவரும் பேசிய ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது 'ஃபொக்', அதாவது புகார், என்ற சொல் மட்டும்தான். கிழவர் நியூபவுண்ட்லாந்துக்காரர். பிழைப்புக்காக வந்து எத்தனையோ வருடம். அண்ணை கல்லுப்பாணைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை முகமாக மாறியது. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி ஏங்க முடியுமா? கிழவர் உள்ளே போய், ஊரிலிருந்து தங்கை அனுப்பிய ஒரு பையைக் கொண்டுவந்து அண்ணையின் கையில் வைத்தார். அண்ணை ஒன்றை எடுத்துச் சுவரில் தட்டினார். சுவர் உதிர்ந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வேலை கிடைக்கவில்லை. கேட்க மறந்துவிட்டோம்.

அக்கா வருவதற்கு முதல்நாள் குசினியில் இரண்டு பேசின் நிறையத் தண்ணீர். ஒன்றில் மீன், ஒன்றில் பாண். மறுநாள் அண்ணையும் நானும் மிரபெல் விமான நிலையத்துக்குப் போனோம். சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆண்கள் கோட்டும், காலில் செருப்புமாக பூமணியக்கா வந்தார். பஸ்ஸில் ஏறினோம். வெளியே வெள்ளை வயல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அக்கா இரண்டு கைகளையும் கோட்டுக்குள் ஒளித்துவைத்திருந்தார். அவை நடுங்குவது கோட்டுக்கு மேலாலேயே தெரிந்தது.

கதவைத் திறந்ததும் வாசம் எங்களை அடித்தது. புளி, தேங்காய்ப்பால், வெந்தயம், கறிவேப்பிலை.

ராசன் கரண்டியோடு ஓடிவந்தான். "வாங்கோ அக்கா! நல்ல வேளை அண்ணை, நான் பார்த்தன். அருமையான கருவாட்டைத் தண்ணிக்குள்ள போட்டு உப்பெல்லாம் போக விட்டிட்டியள். அவ்வளவத்தையும் குழம்பு வைச்சிட்டன்!"

அண்ணை சட்டியைத் திறந்தார். சிவப்பாகக் கொதித்தது. மெதுவாகக் குளிர்சாதனப்பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணை, புளி கூடிட்டுதோ?" என்றான் ராசன்.

"மற்றப் பேசின் எங்கயடா?" என்று நான் கத்தினேன்.

"அந்தப் பஞ்சோ? ஆரோ தரை துடைக்க ஊற வைச்சிருக்கினம் எண்டு அப்பிடியே விட்டிட்டன்."

பூமணியக்கா கோட்டைக் கழற்றவில்லை. மேசையில் ஆவி பறந்த சோற்றையும் கறிகளையும் பார்க்கவில்லை. முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இஞ்சருங்க, அந்தக் கல்லுப்பாண் எங்க?"

நான் பேசினைக் கொண்டுவந்தேன். அக்கா பாணைப் பிழிந்து, சட்டியில் சூடாக்கி, தட்டில் உதிர்த்து, அதன்மேல் ராசனின் குழம்பை ஊற்றினார். நின்றபடியே ஒரு வாய் வைத்தார். அண்ணை தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அது இப்பிடியில்ல பூமணி... வெள்ளையா இரிக்கும்... ஆவி..."

"ஆவி வருதுதானே" என்றார் அக்கா.

தட்டைப் பிடித்திருந்த கைகளை நான் பார்த்தேன். நடுக்கம் நின்றிருந்தது. குசினி ஜன்னல் முழுவதும் ஆவி படிந்து, வெளியே பனி இருக்கிறதா கடல் இருக்கிறதா என்று தெரியாமல், வீடு எங்கோ புகாருக்குள் நின்றது. அக்கா கடைசிப் பிடியையும் வழித்துவிட்டுச் சொன்னார்: "மிச்சம் இரிக்கா? நாளைக்கும் ஊறப்போடுங்க."

நாளைக்கும்! ராசனுக்கு விளங்கவில்லை. அண்ணைக்கு விளங்கியது. துள்ளியெழுந்து பையைக் கவிழ்த்து, இருந்த பாண் அவ்வளவையும் தண்ணீருக்குள் போட்டார். ஒரு வாரம் முழுக்க வீட்டில் அதுதான் சாப்பாடு. பூனை தின்னாது என்ற ராசன் மூன்று நேரமும் தின்றான்.

இப்போது அண்ணையும் அக்காவும் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கிறார்கள். நான் கண்டருக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் பனி கொட்டுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலடியில் நிற்கும்போது, எனக்கு அந்த ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது.