எடை வேறு, பாயிண்ட் வேறு

யாரைப் பார்த்தாலும் "சௌக்கியமா" என்று கேட்காமல் "நேத்து என்ன தின்னீங்க?" என்று கேட்கிற மனிதர், எனக்குத் தெரிந்து, ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரே ஒருவர்தான். கல்யாண வீட்டில் கேட்பார். எழவு வீட்டிலும் கேட்பார். ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரிடமும் கேட்டுவிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே அவர் "ரெண்டு இட்லிங்க" என்றார். அந்தத் தேர்தல் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான் என்று எங்கள் வீதியில் பேசிக்கொண்டோம்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஏதாவது ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பாயிண்ட்காரர். வீதிக்கோடியில் இருந்த சேகோ மில்லில் அவருக்கு வேலை. குச்சிக்கிழங்கு, அதாவது வெளியூர்க்காரர்கள் மரவள்ளி என்று சொல்வது, லாரி லாரியாக வந்து இறங்கி ஜவ்வரிசியாகப் போகிற இடம் அது. கிழங்கு வந்ததும் ஒரு கூடையளவு எடுத்து வெளியில் எடை போடுவார். பிறகு அதே கூடையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை போடுவார். மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனக்கும். மாவில்லாத கிழங்கு லேசாகிவிடும். அந்தக் கணக்கில் வருவதுதான் பாயிண்ட். விலை அதை வைத்துத்தான். இருபத்தெட்டு என்றால் தங்கம். இருபதுக்குக் கீழே போனால் விவசாயி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார்.

மில் முதலாளியின் மச்சினர் ஒரு லோடு கொண்டுவந்தார். பாயிண்ட்காரர் பத்தொன்பது என்றார். இருபத்துநாலு என்று எழுதச் சொல்லி முதலாளியே வந்து கேட்டார். "கூடையை நீங்களே தண்ணியில எறக்கிப் பாருங்க, இருபத்துநாலு வந்தா எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு இவர் டீ குடிக்கப் போய்விட்டார். அன்றோடு வேலை போயிற்று என்று எல்லாரும் நினைத்தோம். முதலாளி விவரமானவர். மச்சினருக்கே வளையாதவன் மற்றவனுக்கும் வளைய மாட்டான் என்று சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார்.

கொரோனா வந்து ஊரை மூடியபோது மில்லையும் மூடினார்கள். எனக்கு அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான் பிழைப்பு. கல்யாணத்துக்கு ஆளே வரக்கூடாது என்று ஆனபிறகு பத்திரிகை யாருக்கு? மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். என் மனைவி செல்போனைப் பார்த்து தினம் ஒரு பலகாரம் கற்றுக்கொண்டாள். கற்றதை எல்லாம் நான் தின்றேன்.

மூன்றாம் நாளே பாயிண்ட்காரருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. மில்லில் மூட்டை நிறுக்கிற எடைமேடையை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, முகக்கவசத்தோடு வீதிக்கு வந்தார். முக்கில் நின்ற போலீஸ்காரர் மறித்தார்.

"எங்கய்யா போறே?"

"எடை போடங்க."

"என்ன லோடு?"

"சனமுங்க."

போலீஸ்காரர் தானும் எடைமேடையில் ஏறி நின்றார். "லத்தியோட நின்னா கூடக் காட்டுமுங்க" என்று இவர்தான் அதை வாங்கி ஓரமாக வைத்தாராம்.

மேடையில் ஏறுமுன் சோப்புத் தண்ணீரில் கால் கழுவ வேண்டும். எடை பார்த்ததும் சாக்பீஸை எடுத்து வீட்டுக் கதவிலேயே எழுதிவிடுவார். போலியோ சொட்டு மருந்து போடுகிறவர்கள் கதவில் எழுதிப் போவார்களே, அந்த மாதிரி. என் எடை எண்பத்தாறு. எனக்குக் கீழே என் மனைவியின் எடையையும் எழுதினார். அவர் அடுத்த வீட்டுப் படி ஏறுமுன் அவள் ஈரத்துணியோடு ஓடிவந்து இரண்டையும் அழித்தாள். அவர் திரும்பிப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார். "அழிச்சா கொறஞ்சு போயிருமுங்களா அம்மிணி?"

மாதம் ஒருமுறை வருவார், எழுதுவார். அவள் அழிப்பாள். அந்தக் கதவை நான் அதற்குமுன் அவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை.

மூன்றாவது மாதம் அவர் ஒரு குழப்பத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க பிரஸ்சு, ஒரு சங்கதி எனக்குப் பிடிபட மாட்டேங்குது. இந்தப் பக்கம் மாடி ஊடுக எல்லாம் எடை ஏறுது. அது தெரிஞ்ச கதை, போண்டா ஏத்துது. அக்கட்ட லைன் ஊடுகள்லயும் ஏறுதுங்க. மில்லு மூடி கூலியே இல்லாத ஊட்ல எடை எப்படிங்க ஏறும்?"

எனக்கு எப்படித் தெரியும்? "காத்தக் குடிச்சு ஏறுதோ என்னமோ" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு, மில் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போய், வீடு வீடாக நேற்று என்ன தின்றார்கள் என்று கேட்டார். ஒரு வாரம் கேட்டார். காலையில் ரேஷன் அரிசிச் சோறு. மதியம் சோறு, புளித்தண்ணி. ராத்திரி மிச்சச் சோறு. நடுவில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட, பாலில்லாத வரட்டீ. பிள்ளை அழுதால் அஞ்சு ரூபாய்ப் பாக்கெட்டில் ஏதோ ஒன்று. பருப்பு முதல் மாதத்தோடு நின்றது. பால் அதற்கும் முன்னாலே நின்றது. வருடம் முழுக்க முட்டை லாரி போகிற ரோட்டோரம் குடியிருந்துகொண்டு, முட்டை வாங்கக் காசில்லை, வாங்கினால் நோய் வரும் என்று புரளி வேறு.

"மழை பேஞ்ச அடுத்த வாரம் புடுங்கின கெழங்கு தெரியுமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். "பாக்க மொழுமொழுன்னு இருக்கும். எடை நல்லா நிக்கும். தொட்டியில எறக்கினா பாயிண்ட் இருக்காது. சனமும் அப்பிடித்தான் ஆயிருச்சுங்க. எடை ஏறுது, பாயிண்ட் எறங்குது."

சொன்னதை நிரூபிக்க அவருக்கு ஒரு கிழங்கு வேண்டியிருந்தது. கிடைத்தவன் நான். ஊருக்கு வெளியே எனக்குத் தெரிந்த ஒருவர் தோட்டத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி. மேலே கப்பி, கப்பியில் கொக்கித் தராசு, அதில் ஒரு இரும்பு நாற்காலி, நாற்காலியில் நான். கழுத்துவரை இறக்கினார். நாற்காலி உள்ளே போயிற்று. நான் போகவில்லை. என் வயிறு மட்டும் தனியே மேலே கிளம்பியது.

"மூச்ச வெளிய உடுங்க, பிரஸ்சு."

விட்டேன்.

"இன்னும் உடுங்க."

"இதுக்கு மேல உட்டா உசிருதான் போகும்."

தராசு முள்ளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பதினெட்டுங்க. இந்தக் கெழங்கை நான் கேட்டோடவே திருப்பி அனுப்பியிருப்பேன்." தோட்டத்துக்காரர் சிரித்த சிரிப்பில் கொட்டகை மாடு கயிற்றை இழுத்தது. பின்னால் ஒரு டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆளைத் தண்ணீருக்குள் எடை போட்டு உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிற முறை உண்மையிலேயே இருக்கிறதாம். கொழுப்பு மிதக்கும், சதை முங்கும் என்றார். எட்டாவது தாண்டாத மனிதர் அதைக் கிழங்கிலிருந்து பிடித்திருக்கிறார். அன்று அது தெரியாமல், ஈர வேட்டியோடு அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வீதியில் ஒரு நிவாரணக் குழு போட்டிருந்தோம். தலைவர் அரிசி மண்டிக்காரர், ஆகவே நிவாரணம் அரிசி. காசு மிஞ்சினால் எண்ணெய், பருப்பு கொஞ்சம் சேர்ப்போம். அது ரொம்பத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். பட்டியல் எழுதுகிற வேலை என்னுடையது. லைன் வீட்டில் செல்வி என்று ஒரு பெண். மில் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிற வேலை. புருஷன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய் அங்கேயே மாட்டிக்கொண்டான். இரண்டு பிள்ளைகள். பருப்புப் பட்டியலில் அவள் பேர் வந்ததும் மண்டிக்காரர், "அது முன்னைக்கு இப்பத் தேறியிருக்குதுல்ல?" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கன்னம் உப்பியிருந்தது. என் பேனாவால் நான்தான் அந்தப் பேரை அடித்தேன்.

பாயிண்ட்காரருக்குச் சேதி எட்டியது. அடுத்த கூட்டம் என் அச்சகத்தில் நடந்தபோது நேராக உள்ளே வந்தார்.

"செல்வி பேரை ஏனுங்க அடிச்சீங்க?"

"ஆளு நல்லாத்தானப்பா இருக்குது" என்றார் மண்டிக்காரர்.

"மார்ச்சுல அம்பத்திநாலுங்க. இப்ப அறுபத்தொண்ணு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"கண்ணு எமையைக் கீழ இழுத்துப் பாத்தீங்களா? வெள்ளைத் துணியாட்ட இருக்குது. பத்துப் படி ஏறதுக்குள்ள மூணு எடத்துல நிக்குது. அது தேறலீங்க. தண்ணி ஏறியிருக்குது."

மண்டிக்காரர் கெட்டவரல்ல. சண்டை வேண்டாம் என்று ஒரு வழி சொன்னார். "செரி, எடை நாப்பத்தி அஞ்சுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. நாளைக்கு யாரும் கேட்டா காட்டிக்கலாம். சேத்தர்றேன்."

எழுதினால் முடிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பருப்பு கிடைக்கும். நான் காகிதத்தையே எடுத்து நீட்டினேன். பாயிண்ட்காரர் அதை வாங்கினார்.

"அறுபத்தொண்ணை நாப்பத்தஞ்சுன்னு எழுத எனக்குக் கை வராதுங்க. அறுபத்தொண்ணு இருக்கறவளுக்கும் பசி இருக்குதுன்னு நீங்கதான் எழுதோணும், பிரஸ்சு" என்று காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

நான் எழுதவில்லை. தலைவரைப் பகைத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டேன். அதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் இருந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் முகாம் நடந்தபோது, வரமாட்டேன் என்ற செல்வியைக் கூட்டிக்கொண்டு போய், ரத்தம் பாருங்கள் என்று நர்ஸம்மாவிடம் தொல்லை பண்ணி விரலில் குத்த வைத்தார். நர்ஸம்மா முடிவைப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு ரத்தத்தை வெச்சுக்கிட்டு நீ எப்படிம்மா நடந்து வந்தே?" என்று கேட்டாராம். ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்தச் சீட்டோடு அவர் அச்சகத்துக்கு வந்தபோது, பார்த்தீர்களா என்று கேட்பார், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று காத்திருந்தேன். சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "இனி என்னுங்க பண்றது?" என்றுதான் கேட்டார்.

பட்டியலைக் கிழித்து வேறு எழுதினேன். லைன் வீடு முப்பதுக்கும் பருப்பு, முட்டை, என் கொல்லையில் நிற்கிற முருங்கைக் கீரை. அரிசி வேண்டாம் என்று சொன்னதும் மண்டிக்காரர் முகம் சுருங்கியது. சீட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, கோழிப்பண்ணைக்கு அவரே போன் போட்டார். செல்விக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள்.

முட்டையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையைப் பாயிண்ட்காரர் எடுத்துக்கொண்டார், ஒரு நாள் நானும் கூடப் போனேன். வேகவைத்தே கொண்டுபோனார். செல்வி தன் பங்கை முந்தானையில் முடிந்தாள்.

"தின்னு சாமி. நான் பாக்கோணும்."

"புள்ளைகளுக்கு வெச்சர்றனுங்ணா."

"அதுகளுத அதுக தின்னுருச்சு. இது உன்றது. நீ திங்கற வரைக்கும் நான் இந்த வாசலை உட்டு நவுற மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தின்றாள். அவர் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு முட்டை எடுத்துத் தானும் தின்றார். "மெசினு செரியா இருந்தாத்தான் எடை செரியா இருக்குமுங்க" என்று என்னிடம் விளக்கம் வேறு.

தீபாவளி வாக்கில் செல்வியின் எடை ஐம்பத்தேழுக்கு இறங்கியது. மில் திறந்தபின் மில்லுப் படியெல்லாம் நிற்காமல் ஏறினாள். எடை இறங்கிப் பாயிண்ட் ஏறிய லோடு தன் சர்வீஸில் அது ஒன்றுதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பாயிண்ட்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருடம் இரண்டாவது அலையில் எனக்கு வந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து திரும்பினேன். எண்பத்தாறு கிலோ அறுபத்தெட்டாகிவிட்டது. போனில் பேசியவர்கள், "பரவால்லயே, எளைச்சுட்டீங்களே" என்று பாராட்டினார்கள். கட்டிலிலிருந்து வாசல் வருவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. செல்வி தினமும் வாசலில் ஒரு தூக்குப்போசி வைத்துவிட்டுப் போவாள். முட்டையும் முருங்கைக் கீரையும் போட்ட குழம்பு. அவள் பேரை யார் அடித்தது என்று அவளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஒரு நாள் பாயிண்ட்காரர் வந்தார். எடைமேடை கொண்டுவரவில்லை. என்ன சொல்லப் போகிறாரோ என்று எழுந்து உட்கார்ந்தேன். டாக்டர்கள் ஆறுதலுக்கு ஏதாவது சொல்வார்கள். இவர் சொல்ல மாட்டார். முதலாளியின் மச்சினருக்கே பொய் சொல்லாதவர், செல்விக்காகக்கூட எழுதாதவர்.

"கையைக் காட்டுங்க" என்றார். நகத்தை அழுத்திப் பார்த்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வாசலிலிருந்து நடைவரை நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். சுவரைப் பிடித்தேன். பார்த்தார். என் மனைவி உள்ளே கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்ன தின்னீங்க?"

"கொழம்புஞ்சோறு. பாதி வெச்சுட்டேன்."

அவர் சட்டைப் பையில் துழாவி சாக்பீஸை எடுத்தார். "இருபத்தெட்டுங்க பிரஸ்சு" என்றார். தொட்டியில் இறக்காமலே, தங்கக் கிழங்குக்குப் போடுகிற அந்த எண்ணைக் கதவில் பெரிதாக எழுதினார். எழுதிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். சாக்பீஸ் எழுத்து அழிந்துவிடாமல் அந்தக் கதவை மட்டும் விட்டுவிடச் சொல்லி, பெயிண்டர் பக்கத்தில் காவல் நின்றவள் என் மனைவி.